டெனபனார்: பாஸ்பேட்டைக் குறைக்கும் புது மாத்திரை யாருக்கு உதவும், யாருக்கு உதவாது

டயாலிசிஸ் நோயாளிகளின் பாஸ்பேட்டைக் குறைக்க நெடுங்காலமாகக் கையில் இருக்கும் மாத்திரைகள் எல்லாம் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. சாப்பாட்டில் இருக்கும் பாஸ்பேட்டைக் குடலிலேயே பிடித்துவைத்து மலத்தோடு வெளியே தள்ளுகின்றன. பைண்டர் என்று பெயர் வந்ததே அதனால்தான். டெனபனார் அந்த வழியில் போகவில்லை. பாஸ்பேட் குடலிலிருந்து ரத்தத்துக்குள் போகும் இடுக்கையே இறுக்கிவிடுகிறது. அமெரிக்காவில் ஆர்டெலிக்ஸ் நிறுவனம் இதை எக்ஸ்போசா என்ற பெயரில் விற்கிறது. அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின் அனுமதி கிடைத்தது 2023 அக்டோபர் 17 அன்று. ஜப்பானில் அதற்குச் சில வாரங்கள் முன்பே, போசெவல் என்ற பெயரில் கியோவா கிரின் நிறுவனத்துக்கு அனுமதி கிடைத்துவிட்டது.

எங்கள் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பைண்டரைச் சாப்பாட்டோடு ஒழுங்காக எடுத்தும் பாஸ்பேட் 5.5-க்கும் 6.5-க்கும் நடுவே (ரத்தத்தில் உள்ள பாஸ்பேட் அளவு எல்லாம் மி.கி./டெ.லி.) நின்றுகொண்டிருக்கிறது, கூடவே மலச்சிக்கலும் இருக்கிறது என்றால், டெனபனாரைச் சேர்த்துப் பார்ப்பதில் நியாயம் இருக்கிறது. 8, 9 என்று இருப்பவர் பைண்டரை நிறுத்திவிட்டு இதை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவார். ஏன் இப்படிச் சொல்கிறோம் என்பது அந்த மருந்தின் சோதனை எண்களைப் பிரித்துப் பார்த்தால் விளங்கும்.

கணக்கு எங்கே இடிக்கிறது

ஒருவர் நாளுக்கு 1,000 மி.கி. பாஸ்பரஸ் உள்ள சாப்பாடு சாப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதில் சுமார் 60 சதவீதம் உடம்பில் சேரும். வாரத்துக்கு 4,200 மி.கி. நான்கு மணி நேர ஹீமோடயாலிசிஸ் ஒரு தடவைக்குச் சராசரியாக 800 மி.கி. வெளியே எடுக்கும், வாரம் மூன்று முறை என்றால் 2,400. மீதி 1,800 மி.கி. உடம்பிலேயே தங்கும். நாள் கணக்கில் ஏறக்குறைய 260 மி.கி. தமிழ்நாட்டில் பலர் வாரம் இரண்டு முறைதான் டயாலிசிஸ் செய்துகொள்கிறார்கள். அவர்களுக்கு இந்த மீதி நாளுக்கு 370 மி.கி. வரை போகும். சிறுநீர் கொஞ்சமாவது போகிறவருக்கு அந்த அளவு குறையும்.

இந்த மீதியை மாத்திரையால் பிடிக்க வேண்டும். செவலமர் என்ற பைண்டரின் 800 மி.கி. மாத்திரை ஒன்று சராசரியாக 20 முதல் 25 மி.கி. பாஸ்பரஸைப் பிடிக்கும். கால்சியம் அசிடேட் 667 மி.கி. சுமார் 30. லாந்தனம் 500 மி.கி. சுமார் 45. இப்போது ஒரு டம்ளர் பாலை எடுத்துக்கொள்ளுங்கள். 200 மில்லி பசும்பாலில் 180 மி.கி.க்கு மேல் பாஸ்பரஸ் இருக்கிறது, அதில் நூற்றுச் சொச்சம் உடம்பில் சேரும். அந்த ஒரு டம்ளருக்கு மட்டுமே நான்கைந்து செவலமர் தேவை. மூன்று வேளையும் மூன்று மாத்திரை எழுதிக்கொடுக்கப்பட்டவர், நடுவில் இரண்டு முறை பால் சேர்த்த டீயும் பிஸ்கட்டும் எடுத்தால், அந்த டீக்கு மாத்திரையே இல்லை. 'மாத்திரை போடுறேன், ஆனா இறங்கவே மாட்டேங்குது' என்று வருகிறவர்களில் பலருக்குக் குறை இங்கேதான் இருக்கிறது. புது மருந்தைப் பற்றிப் பேசும் முன் இதைச் சரிபார்க்க வேண்டும்.

சரிபார்க்க வேண்டியது இன்னும் இரண்டு. பதப்படுத்திய உணவில் சேர்க்கும் பாஸ்பேட் உப்புகள் 90 சதவீதத்துக்கு மேல் உடம்பில் சேரும். பருப்பிலும் தானியத்திலும் இருப்பது ஃபைட்டேட் வடிவில் இருப்பதால் பாதிகூடச் சேராது. பொட்டலத்தில் ஐஎன்எஸ் என்ற சேர்க்கைப்பொருள் எண்ணாக 338 முதல் 341 வரை, 450 முதல் 452 வரை உள்ள எண்கள் இருந்தால் அது பாஸ்பேட். கறுப்பு கோலா பானங்களில் இருப்பது 338, அதாவது பாஸ்பாரிக் அமிலம். பருப்பை நிறுத்திவிட்டுப் பதப்படுத்திய சீஸைச் சாப்பிடுவது தலைகீழ் பத்தியம். அடுத்தது பிடிஎச் என்ற பாராதைராய்டு ஹார்மோன். அது மிக உயர்ந்திருந்தால் எலும்பிலிருந்தே பாஸ்பேட் ரத்தத்துக்கு வந்துகொண்டிருக்கும். குடலில் வேலை செய்யும் எந்த மாத்திரையும், டெனபனாரும் சேர்த்துத்தான், அதைத் தொடாது.

மருந்து செய்யும் வேலை

குடலின் உள்சுவரில் என்எச்ஈ3 என்ற புரதம் இருக்கிறது. சோடியத்தை உள்ளே இழுத்து, ஹைட்ரஜன் அயனியை வெளியே விடுவது அதன் வேலை. டெனபனார் அதை அடைத்துவிடும். செல்லுக்குள் அமிலத்தன்மை கொஞ்சம் கூடும். அப்போது பக்கத்துப் பக்கத்துச் செல்களை ஒட்டவைத்திருக்கும் இணைப்பு, செங்கல்லுக்கு நடுவே உள்ள சாந்து போன்றது, பாஸ்பேட் நுழைய முடியாதபடி இறுகுகிறது. நாம் சாப்பிடும் பாஸ்பேட்டில் பெரும்பகுதி போவது செல்களுக்கு நடுவே உள்ள இந்த வழியாகத்தான்.

இது தெரியவந்ததில் தோற்றுப்போன ஒரு மருந்துக்கும் பங்கு உண்டு. செல்லின் ஊடே பாஸ்பேட்டைக் கடத்தும் என்ஏபிஐ2பி என்ற புரதத்தை அடைத்தால் போதும் என்று நம்பி ஏஎஸ்பி3325 என்ற மருந்தை உருவாக்கினார்கள். எலிகளில் வேலை செய்தது. டயாலிசிஸ் நோயாளிகளிடம் பாஸ்பேட் இறங்கவே இல்லை. அந்தத் தோல்விக்குப் பிறகுதான் மனிதக் குடலில் பெரிய வழி எது என்பதில் தெளிவு வந்தது.

டெனபனார் ரத்தத்தில் ஏறக்குறைய சேர்வதே இல்லை. குடலிலேயே வேலையை முடித்துக்கொண்டு மலத்தோடு போய்விடும். ஈரலையும் இதயத்தையும் பற்றிய கவலை அந்த அளவுக்குக் குறைவு. ஆனால் உள்ளே இழுக்கப்படாத சோடியம் குடலிலேயே தங்குகிறது, அது தண்ணீரையும் தன்னோடு வைத்துக்கொள்கிறது. வயிற்றுப்போக்கு வருவது அதனால். மருந்து செய்யும் வேலையும் பக்கவிளைவும் ஒரே இடத்தில் பிறப்பதால் ஒன்றை விட்டு ஒன்றை வாங்க முடியாது. இதே மருந்து 50 மி.கி. அளவில், மலச்சிக்கலோடு வரும் குடல் எரிச்சல் நோய்க்கு, இப்ஸ்ரெலா என்ற பெயரில் 2019-லேயே அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பேதியாவதே அங்கே மருந்தின் பலன்.

சோதனை எண்களைப் படிக்கும் விதம்

முதலில் பிளாக் என்ற சோதனை. வாரம் மூன்று முறை ஹீமோடயாலிசிஸ் செய்யும் 219 பேர். ஒன்று முதல் மூன்று வாரம் பைண்டரை நிறுத்திப் பார்த்து, பாஸ்பேட் குறைந்தது 1.5 ஏறி, 6-க்கும் 10-க்கும் நடுவே வந்தவர்களை மட்டுமே சேர்த்தார்கள். இந்த நிபந்தனையைக் கவனிக்க வேண்டும். பைண்டரை நிறுத்தியதும் ஏறுகிறது என்றால் அவர் அதை ஒழுங்காகச் சாப்பிட்டவர், அவருடைய பாஸ்பேட் குடல் வழியாக வருகிறது. எலும்பிலிருந்து வருகிறவரும் மாத்திரையைச் சரியாகப் போடாதவரும் இந்தச் சல்லடையிலேயே பெரும்பாலும் விழுந்துவிடுவார்கள். மருத்துவமனையில் நாம் பார்க்கும் கலவையான கூட்டம் இது இல்லை.

அவர்களை மூன்று குழுவாகப் பிரித்து 3 மி.கி., 10 மி.கி., 30 மி.கி. என்று நாளுக்கு இரண்டு வேளை கொடுத்தார்கள். 30 மி.கி. குழுவில் மட்டும் வயிறு தாங்காவிட்டால் குறைத்துக்கொள்ளலாம். எட்டு வாரத்தில் சராசரி இறக்கம் முறையே 1.00, 1.02, 1.19. பிறகு நான்கு வாரம், பாதிப் பேருக்கு மருந்தைத் தொடர்ந்து, மீதிப் பாதிக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். மருந்துக்கு ஏற்கெனவே இணங்கியவர்களில், வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கு 0.85 ஏறியது, மருந்தில் இருந்தவர்களுக்கு ஏறவே இல்லை என்று சொல்லலாம்.

பிரீடம் என்ற அடுத்த சோதனை ஒரு வருடம் நடந்தது, 564 பேர். 423 பேருக்கு டெனபனார், 141 பேருக்கு செவலமர். செவலமர் குழு பாதுகாப்பை ஒப்பிட மட்டுமே. எது நன்றாக இறக்குகிறது என்ற போட்டி அங்கே நடக்கவில்லை. 'செவலமருக்குச் சமம்' என்று யாராவது இந்தச் சோதனையைக் காட்டிச் சொன்னால் நம்ப வேண்டாம். 26 வாரம் கழித்து அதே முறையில் மருந்தை நிறுத்திப் பார்க்கும் 12 வாரம் வந்தது. இங்கேதான் இரண்டு எண்கள் கிடைக்கின்றன. மருந்தால் குறைந்தது 1.2 இறங்கிய 131 பேரை மட்டும் எடுத்தால், மருந்துக்கும் வெற்று மாத்திரைக்கும் இடையே வித்தியாசம் 1.4. அந்தக் கட்டத்துக்கு வந்த 243 பேரையும் எடுத்தால் 0.7. விளம்பரத்தில் கண்ணில் படுவது 1.4. சிறுநீரக மருத்துவரின் அறைக்குள் ஒருவர் நுழையும்போது அவர் அந்த 131 பேரைப் போன்றவரா என்பது யாருக்கும் தெரியாது. அதனால் நாம் கையில் வைத்துக்கொள்ள வேண்டியது 0.7. அந்த 243 பேருமே, பல காரணங்களால் முன்பே விலகியவர்கள் போக மிஞ்சியவர்கள்.

எங்களுக்கு அதிகம் பிடித்த சோதனை சின்னதான ஆம்ப்ளிஃபைதான். காரணம், நடைமுறையில் எழும் கேள்வியை அது நேராகக் கேட்கிறது. பைண்டர் எடுத்தும் 5.5-க்கு மேல் இருக்கும் 236 பேர். பைண்டரை நிறுத்தவில்லை. ஒரு பாதிக்கு அதன் மேல் டெனபனார், மறு பாதிக்கு வெற்று மாத்திரை, நான்கு வாரம். டெனபனார் சேர்த்தவர்களுக்கு 0.84 இறங்கியது, மற்றவர்களுக்கு 0.19. நிகரப் பலன் 0.65. இரண்டு சோதனைகளும் வெவ்வேறு வழியில் போய் ஏறக்குறைய ஒரே எண்ணில் வந்து நிற்கின்றன. அதனாலேயே அந்த எண்ணை நம்புகிறோம்.

எஃப்டிஏவும் இதில்தான் தயங்கியது. 2021 ஜூலையில் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பியது. பலன் சிறியது, அதனால் நோயாளிக்கு என்ன நன்மை என்பது தெளிவாக இல்லை என்பது காரணம். நிறுவனம் மேல்முறையீடு செய்தது. 2022 நவம்பரில் கூடிய ஆலோசனைக் குழு, தனி மருந்தாக 9 பேர் ஆதரவு, 4 பேர் எதிர்ப்பு என்றும், பைண்டரோடு சேர்த்து 10 பேர் ஆதரவு, 2 பேர் எதிர்ப்பு என்றும் (ஒருவர் வாக்களிக்கவில்லை) முடிவு சொன்னது. கடைசியில் வந்த அனுமதி குறுகலானது: பைண்டர் போதாதவர்களுக்கும் பைண்டர் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் கூடுதல் மருந்தாக. இது சரியான முடிவு என்றே நினைக்கிறோம். 7.8-ல் இருப்பவருக்கு 0.7 கழித்தால் 7.1. ஒன்றும் மாறவில்லை. 6.1-ல் இருப்பவருக்கு 5.4. அவருக்குச் செவலமரை இன்னும் மூன்று கூட்டுவதா, இந்த ஒரு மருந்தைச் சேர்ப்பதா என்ற தேர்வு உண்மையானது.

வயிறு கொடுக்கும் விலை

சோதனைகளில் வயிற்றுப்போக்கு வந்தவர்கள் 43 முதல் 53 சதவீதம். கடுமையாக வந்தது 5 சதவீதம் பேருக்கு. பிரீடம் சோதனையில் இதனாலேயே மருந்தை நிறுத்தியவர்கள் 16 சதவீதம். பெரும்பாலும் ஆரம்ப நாட்களிலேயே வரும். பலருக்கு நாளடைவில், அல்லது அளவைக் குறைத்ததும், அடங்கிவிடும்.

சதவீதத்தை விட்டு, டயாலிசிஸ் நாற்காலியில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். கையில் டயாலிசிஸுக்காக இணைத்த ரத்தக்குழாயான ஃபிஸ்டுலாவில் இரண்டு ஊசி, மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது, இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது. அப்போது வயிறு கலக்கினால் எழுந்து போக முடியாது. நர்ஸ் வந்து, குழாயில் இருக்கும் ரத்தத்தைச் சலைன் விட்டு உடம்புக்குத் திருப்பி, இணைப்பைக் கழற்றி, கையைக் கட்டி அனுப்பி, திரும்பி வந்ததும் மறுபடி இணைக்க வேண்டும். இருபது நிமிடம், சில நேரம் அதற்கும் மேல் போய்விடும். அதை யாரும் கடைசியில் கூட்டித் தருவதில்லை, அடுத்த ஷிஃப்ட் காத்திருக்கும். பாஸ்பேட் வெளியேறுவது நேரத்தைப் பொறுத்தது. யூரியாவைப் போல வேகமாக வராது, செல்களுக்குள்ளிருந்து மெதுவாகத்தான் ரத்தத்துக்கு வரும். நேரம் குறைந்தால் முதலில் அடிபடுவது அதுதான்.

அதனால் மருந்தின் குறிப்பிலேயே, டயாலிசிஸுக்குச் சற்று முன் இதை எடுக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறது. காலை ஆறு மணி ஷிஃப்டில் இருப்பவர் அன்று காலைச் சாப்பாட்டுக்கு முன் போட வேண்டாம். முடிந்து வந்து மதியச் சாப்பாட்டுக்கு முன் ஒன்று, இரவுக்கு முன் ஒன்று. மாலை ஷிஃப்டில் இருப்பவர் காலையில் ஒன்று போட்டுவிட்டு, அடுத்ததை வீடு திரும்பிச் சாப்பிட உட்காரும்போது போடலாம்.

பேதி இருக்கும் நாட்களில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மலத்தோடு தண்ணீர் போவதால் இரண்டு டயாலிசிஸுக்கு நடுவே எடை வழக்கத்தைவிடக் குறைவாக ஏறும். எடை பார்க்காமல் 'எப்பவும் மூன்று லிட்டர்' என்று மெஷினில் தண்ணீரை எடுத்தால் பிபி இறங்கும், கெண்டைக்கால் இழுத்துக்கொள்ளும். மருந்து தொடங்கிய முதல் இரண்டு வாரம் இதை நர்ஸிடம் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பேதி தொடர்ந்தால் பைகார்பனேட்டும் பொட்டாசியமும் இறங்கலாம், ரத்தப் பரிசோதனையில் அவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஜப்பானில் இந்த மருந்தைக் கையாளும் முறை அமெரிக்க முறையைவிட எங்களுக்கு ஏற்றதாகப் படுகிறது. அமெரிக்காவில் தொடக்கமே 30 மி.கி. இரண்டு வேளை, தாங்காவிட்டால் குறைப்பது. ஜப்பானில் 5 மி.கி. இரண்டு வேளையில் தொடங்கி, பாஸ்பேட் எண்ணையும் வயிற்றையும் பார்த்துப் படிப்படியாக 30 வரை ஏற்றுகிறார்கள். பிளாக் சோதனையில் 3 மி.கி. எடுத்தவர்களுக்கே எட்டு வாரத்தில் 1.00 இறங்கியதை நினைத்துப் பாருங்கள். அந்த எட்டு வாரத்தில் வெற்று மாத்திரைக் குழு இல்லை என்பதால் அந்த எண்ணை அப்படியே மருந்தின் பலன் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் 30-க்கும் 3-க்கும் இடையே மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இல்லை என்பது கண்ணெதிரே தெரிகிறது. முதல் வாரத்திலேயே வயிறு கலங்கிப் பயந்துபோனவர் மறுபடி அந்த மாத்திரையைத் தொட மாட்டார். குறைந்த அளவில் தொடங்கலாமா என்று மருத்துவரிடம் கேட்டுப் பார்ப்பது நல்லது.

எடுக்கும்போது கவனிக்க வேண்டியவை

சாப்பிட உட்காருவதற்குச் சற்று முன் போட வேண்டும். பைண்டர் சாப்பாட்டின் நடுவே, இது சாப்பாட்டுக்கு முன். ஒரு வேளை விட்டுப்போனால் விட்டதுதான், அடுத்த வேளைக்கு இரண்டாகப் போடக் கூடாது.

மலமிளக்கி எடுத்துக்கொண்டிருப்பவர் இதைத் தொடங்கும் அன்றே அதை நிறுத்த வேண்டும். லாக்டுலோஸ் சிரப்பும் டெனபனாரும் சேர்ந்து ஓடினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. பொட்டாசியத்துக்காக சோடியம் பாலிஸ்டைரீன் சல்ஃபோனேட் பொடி எடுப்பவர் இரண்டுக்கும் நடுவே குறைந்தது மூன்று மணி நேரம் இடைவெளி விட வேண்டும். பிபிக்கு எனலபிரில் எடுப்பவர்கள் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்: டெனபனார் அது உடம்பில் சேருவதைப் பெரிதும் குறைத்துவிடும், பிபி ஏறலாம், எனலபிரில் அளவை மாற்ற வேண்டி வரலாம்.

மாத்திரை ஈரம் தாங்காது. ஈரம் உறிஞ்சும் சிறு பையோடு வரும் அந்த டப்பாவிலேயே இருக்க வேண்டும். திங்கள் முதல் ஞாயிறு வரை கட்டம் போட்ட மாத்திரைப் பெட்டியில் வாரத்துக்கு மொத்தமாகப் பிரித்துவைப்பது பல வீடுகளில் வழக்கம். இந்த ஒன்றை அதில் சேர்க்க வேண்டாம். குடல் அடைப்பு இருப்பவர்களும், அப்படிச் சந்தேகம் உள்ளவர்களும் எடுக்கக் கூடாது. ஆறு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாது.

பலன் இருக்கிறதா என்று அறிவது

எதிர்பார்க்கும் இறக்கமே 0.7 என்னும்போது ரத்தம் எடுக்கும் முறையில் வரும் பிசகு அதை எளிதாக விழுங்கிவிடும். இரண்டு நாள் இடைவெளிக்குப் பிறகு வரும் முதல் டயாலிசிஸில் பாஸ்பேட் எப்போதும் கூடுதலாக இருக்கும், வாரத்தின் நடுவில் குறைவாக இருக்கும். மருந்துக்கு முந்தைய பரிசோதனை திங்கட்கிழமை, பிந்தையது புதன்கிழமை என்றால் மருந்தே இல்லாமல் 'பலன்' தெரியும். ஒரே கிழமையில், டயாலிசிஸ் தொடங்கும் முன், சலைனோ ஹெபாரினோ போவதற்கு முன் எடுத்த ரத்தமாக இருக்க வேண்டும். ரத்த அணுக்கள் உடைந்த மாதிரி என்று லேப் குறிப்பு எழுதினால் அந்த எண்ணை ஒதுக்கிவிட்டு மறுபடி எடுங்கள், அதில் பாஸ்பேட் பொய்யாக ஏறியிருக்கும். நான்கு வாரத்தில் இரண்டு எண்கள் கையில் இருந்தால் போதும். இரண்டிலும் அரைப்புள்ளிகூட இறங்கவில்லை என்றால் வயிற்றைக் கெடுத்துக்கொண்டு தொடருவதில் பொருள் இல்லை.

பைண்டர்களோடு வைத்துப் பார்த்தால்

டெனபனாருக்கு நல்ல ஜோடி செவலமர். செவலமர் மலத்தை இறுக்கும், இது இளக்கும். செவலமரைக் கடிக்காமல் முழுதாக விழுங்க வேண்டும். ஈரம் பட்டால் ஊதிக்கொள்ளும் பொருள் அது. எல்டிஎல் கொழுப்பையும் குறைக்கும் என்பது கூடுதல் லாபம். சிப்ரோஃப்ளாக்சசின், தைராய்டு மாத்திரை ஆகியவற்றையும் பிடித்துக்கொள்ளும் என்பதால் அவற்றுக்கு வேறு நேரம் ஒதுக்க வேண்டும்.

லாந்தனத்தை நன்றாக மென்றுதான் சாப்பிட வேண்டும். அரைகுறையாக மென்று விழுங்கினால் பாதி வேலைதான் செய்யும். வயிற்று எக்ஸ்ரேயில் வெள்ளைத் துண்டுகளாகவே தெரியும். பல் இல்லாத பெரியவர்களுக்குப் பொடித்துச் சோற்றில் கலந்து கொடுப்பது நல்லது. மெல்லாமல் விழுங்கும்படியான சிறு மாத்திரையாக ஆக்ஸிலாந்தனம் கார்பனேட் என்ற புது வடிவம் வந்தது. 2025 ஜூனில் எஃப்டிஏ அதைத் திருப்பி அனுப்பியது, மருந்தில் குறை கண்டு இல்லை, தயாரிப்பில் பங்குள்ள வேறொரு நிறுவனத்தில் கண்ட குறைக்காக.

இரும்பு கலந்த பைண்டர்களில் சுக்ரோஃபெரிக் ஆக்ஸிஹைட்ராக்சைடு 2013-ல் வந்தது. பெரிய சோதனையில் நாளுக்குச் சராசரி 3 மாத்திரையில், செவலமர் 8 மாத்திரை செய்யும் வேலையைச் செய்தது. மாத்திரை எண்ணிக்கைதான் உங்கள் பிரச்சினை என்றால் டெனபனாருக்கு முன் இதைக் கேளுங்கள். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். ஆனால் இதுவும் வயிற்றை இளக்குவதால் டெனபனாரோடு சேர்ப்பதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். ஃபெரிக் சிட்ரேட்டில் உள்ள இரும்பு உடம்பிலும் சேரும். ரத்தசோகை உள்ளவருக்கு நல்லது, உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் ஏற்கெனவே உயர்ந்தவருக்குக் கூடாது.

கால்சியம் அசிடேட் மலிவு. 667 மி.கி. மாத்திரையில் 169 மி.கி. கால்சியம். நாளுக்கு ஒன்பது போட்டால் 1,521 மி.கி. ஆகிவிடும், ரத்தக்குழாயில் கால்சியம் படியும் என்ற அச்சத்தால் கேடிகோ என்ற உலகச் சிறுநீரக அமைப்பின் 2017 வழிகாட்டி இந்த வகையைக் கட்டுப்படுத்தச் சொல்கிறது. இருந்தாலும் கையில் காசு இல்லாதவர் ஒன்றுமே எடுக்காமல் இருப்பதைவிட, கால்சியம் அளவைப் பார்த்துக்கொண்டு நாளுக்கு மூன்று நான்கு எடுப்பது மேல்.

எண்ணுக்கு அப்பால்

இந்த மருந்துகள் எல்லாமே ரத்தத்தில் ஓர் எண்ணைக் குறைத்ததற்காக அனுமதி பெற்றவை. டயாலிசிஸ் நோயாளிகளின் ஆயுளைக் கூட்டின என்று வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டு யாரும் நிரூபிக்கவில்லை. செவலமரையும் கால்சியத்தையும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் ஒப்பிட்ட டிகோர் சோதனையில் மொத்த இறப்பில் வித்தியாசம் தெரியவில்லை. ஜப்பானின் லேண்ட்மார்க் சோதனை 2021-ல் வெளியானது. லாந்தனம் எடுத்தவர்களுக்கும் கால்சியம் கார்பனேட் எடுத்தவர்களுக்கும் இதயநோயில் வித்தியாசம் இல்லை. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா, பிரிட்டன் சேர்ந்து அமைத்த பாஸ்பேட் என்ற பெயருடைய சோதனை, 4.6-க்குக் கீழே இறக்குவதா, 6.2 முதல் 7.7 வரை விட்டுவைப்பதா என்று எண்ணையே கேள்வி கேட்கிறது. பாஸ்பேட் கூடியவர்கள் சீக்கிரம் இறக்கிறார்கள் என்பது பல நாடுகளின் பதிவுகளில் உறுதி. அதை மாத்திரையால் இறக்கினால் அந்த இறப்பும் குறையுமா என்பது தனிக் கேள்வி. 0.7-க்காக ஒருவருடைய சாப்பாட்டையும் தூக்கத்தையும் வயிற்றையும் எவ்வளவு தூரம் தொந்தரவு செய்யலாம் என்பதை இதைத் தெரிந்துகொண்டு முடிவு செய்ய வேண்டும். சாப்பாடு குறைந்து ஆல்புமின் என்ற ரத்தப் புரதம் இறங்கிக்கொண்டிருக்கும் முதியவரிடம் பாஸ்பேட் 5.9 என்பதற்காக இன்னொரு மாத்திரையைச் சேர்க்க நாங்கள் அவசரப்பட மாட்டோம். அவருக்கு முட்டை வெள்ளைக்கருவைக் கூட்டுவது முதல் வேலை. புரதம் நிறைய, பாஸ்பரஸ் மிகக் குறைவு.

தமிழ்நாட்டில் வாரம் இரண்டு முறை டயாலிசிஸில் இருப்பவருக்கு இந்தச் சோதனை முடிவுகளை அப்படியே பொருத்த முடியாது. ஹீமோடயாலிசிஸில் சோதிக்கப்பட்டவர்கள் வாரம் மூன்று முறை செய்தவர்கள். மூன்றாவது டயாலிசிஸுக்கு வழி கிடைத்தால் வாரத்துக்கு 800 மி.கி. கூடுதலாக வெளியேறும், நாளுக்கு ஐந்து செவலமர் பிடிக்கும் அளவு அது, பேதியும் இல்லை.

அமெரிக்காவில் இருப்பவர்களுக்குக் காசு விஷயம். 2025 ஜனவரி 1 முதல் பாஸ்பேட் மாத்திரைகள் மெடிகேர் என்ற அரசுக் காப்பீட்டின் மருந்துப் பிரிவான பார்ட் டி-யிலிருந்து டயாலிசிஸ் மையத்துக்குக் கொடுக்கும் மொத்தக் கட்டணத்துக்குள் மாற்றப்பட்டுவிட்டன. பைண்டர்களுக்கு மையங்கள் தற்காலிகமாகத் தனித்தொகை பெற வழி இருந்தது. டெனபனாருக்கு அதைக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டாம் என்று நிறுவனம் முடிவு செய்தது. ஆகவே மருந்துக்கடையில் சீட்டைக் கொடுக்கும் முன், உங்கள் மையத்தின் சமூகப் பணியாளரிடம் மையம் இதைத் தருமா என்றும், தராவிட்டால் நிறுவனத்தின் நோயாளி உதவித் திட்டத்துக்கு எந்தப் படிவத்தில் யார் கையெழுத்துப் போட வேண்டும் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.